பாட்டி பெயரைத் தெருவில் சத்தமாகக் கூப்பிடும் ஊர்: கிரேக்கப் பயணக் குறிப்புகள்

ஆகஸ்ட் 11, ஏதென்ஸ்

மதியம் இரண்டு மணிக்கு வெளியே வந்தபோது வெயில் 38 டிகிரி. தூத்துக்குடியில் வளர்ந்தவளுக்கு வெயில் புதிதில்லை. ஆனால் இங்கே காற்றில் துளி ஈரம் கிடையாது. ஒரு மணி நேரத்தில் உதடு வெடித்துவிட்டது. வீட்டுக்காரர் எஞ்சினியராக இருக்கும் கப்பலைப் பழுதுபார்க்க பெராமா தளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். "பதினஞ்சாம் தேதி இங்க பெரிய பண்டிகை. ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான். எனக்கும் லீவு உண்டு, கெளம்பி வா" என்று போனில் சொல்லியிருந்தார். அவர் வெளியே வர 13-ஆம் தேதி ஆகும். அதுவரை நான் மட்டும்தான்.

பாங்கிராத்தி பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அறை. வாசலில் பித்தளைப் பலகை, அதில் வரிசையாக அழைப்பு மணிகள், பக்கத்தில் குடும்பப் பெயர்கள். வீட்டுக்காரம்மா இறங்கி வரும்வரை அதைப் படித்துக்கொண்டு நின்றேன். பாபதோபுலோஸ் என்றால் ஆண். பாபதோபுலூ என்றால் அதே குடும்பத்துப் பெண். சில மணிகளுக்குப் பக்கத்தில் சம்பந்தமே இல்லாத இரண்டு பெயர்கள் இருந்தன. புருஷன் பெயர் ஒன்று, பெண்சாதி பெயர் ஒன்று. 1983-இல் குடும்பச் சட்டத்தைத் திருத்தியபோது வரதட்சணையை ஒழித்தார்கள். கூடவே, கல்யாணமான பெண் சட்டப்படி தன் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருக்க வேண்டும் என்றும் எழுதிவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்பே செய்திருக்கிறார்கள். நின்று ஒரு கும்பிடு போடலாம் என்றிருந்தது.

வீட்டுக்காரம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். பெட்டியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். சாவி தருவதற்கு முன்னால் அடுப்படி மேசையில் உட்காரவைத்தார். சின்னக் கண்ணாடித் தட்டில் சர்க்கரைப் பாகில் ஊறிய புளிப்புச் செர்ரி ஒரு கரண்டி, பக்கத்தில் ஒரு தம்ளர் ஐஸ் தண்ணீர். முதலில் செர்ரி, அப்புறம் தண்ணீர். வந்தவருக்கு இதைக் கொடுக்காமல் காசு பேச்சை எடுக்கக் கூடாதாம்.

தன் பெயர் வூலா என்றார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். வூலா என்பது வால்தான், தலை வேறே இருக்கிறது என்று சொல்லி, கரண்ட் பில் வந்த உறையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பரஸ்கெவி. வெள்ளிக்கிழமை என்று பொருள். கொஞ்சுவதற்கு 'ஊலா' சேர்த்தால் பரஸ்கெவூலா. அது நீளமாகிவிட்டதே என்று தலையை வெட்டினால் வூலா. அசல் பெயரில் மிஞ்சுவது ஒரே ஓர் எழுத்து, மற்றதெல்லாம் கொஞ்சல். ஸ்தவ்ரூலாவும் அப்படித்தான். 'ஸ்தவ்ரோஸ்' என்றால் சிலுவை, கூப்பிடுவது ரூலா. ஃபொதினி என்றால் ஒளி உள்ளவள். அவள் ஃபொதூலாவாகிக் கடைசியில் தூலா. நற்செய்தி என்று பொருள்படும் எவாங்கெலியா வாங்கெலிட்சாவாகி லிட்சாவில் வந்து நிற்கிறாள். தேவதூதரைப் போன்றவள் என்று பொருள்படும் அங்கெலிகியும் லிட்சாதான். ஒரு தெருவில் நாலு லிட்சா இருந்தால் நாலு பேருக்கும் வேறு வேறு பெயராக இருக்கலாம் என்றார் வூலாம்மா.

என் பெயர் மீனாட்சி என்றதும் அவர் அர்த்தம் கேட்கவில்லை. "என்றைக்குக் கொண்டாடுவீர்கள்?" என்று கேட்டார். இங்கே பிறந்தநாள் குழந்தைகளுக்குத்தான். வளர்ந்தவர்களுக்குப் பெயர்நாள். எந்தப் புனிதரின் பெயரோ அவருடைய திருநாள். வருகிறவர்களுக்கு அழைப்பு வேண்டாம், தேதி ஊருக்கே தெரியும். பரஸ்கெவிக்கு ஜூலை 26. ஞாயிற்றுக்கிழமை என்று பொருள்படும் கிரியாகிக்கு ஜூலை 7. சித்திரையில் மதுரையில் எங்கள் மீனாட்சிக்குக் கல்யாணம் நடக்கும், அன்றைக்குத்தான் என் நாள் என்றேன். சாமிக்குக் கல்யாணமா என்று இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். விளக்கிச் சொல்லி முடிக்க இரவு ஒன்பதாகிவிட்டது. பசி என்று சொல்வதற்குள் தக்காளிச் சோறு அடைத்த குடமிளகாய் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 12, ஏதென்ஸ்

தெருமுனையில் எள் தூவிய வளைய ரொட்டி, கூலூரி. எண்பது சென்ட். தண்ணீர் அரை லிட்டர் ஐம்பது சென்ட். பெட்டிக்கடையில் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசாங்கமே விலை வைத்திருக்கிறது. இந்த வெயிலுக்கு அதுவே பெரிய தர்மம்.

தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு ஒருத்தியைப் பார்க்கத்தான் போனேன். ஃப்ராசிக்லேயா. கி.மு. 550-ஐ ஒட்டிய காலத்தில் செய்த பளிங்குப் பெண். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூட. தலையில் தாமரை மொட்டுகளால் கிரீடம், நெஞ்சருகே இடது கையில் இன்னொரு மொட்டு, வலது கை பாவாடையைச் சற்றே பிடித்திருக்கிறது. ஆடையின் மடிப்புகளில் பழைய சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாணமாகாமல் இறந்த பெண்ணின் கல்லறைச் சிலை. செய்தவர் பாரோஸ் தீவு அரிஸ்தியோன். பீடத்திலேயே தன் பெயரைப் போட்டிருக்கிறார். அந்தப் பீடம் ஏதென்ஸுக்குக் கிழக்கே மெரெண்டாவில் ஒரு மாதா கோயில் சுவரில் ரொம்ப காலமாகச் சும்மா இருந்தது. 1972-இல் பக்கத்து நிலத்தைத் தோண்டியபோது சிலை கிடைத்தது. சிலையின் அடியில் இருந்த ஈயம் பீடத்தின் குழியில் சரியாகப் பொருந்தியது.

பீடத்தில் அவளே பேசுகிறாள்: இது ஃப்ராசிக்லேயாவின் நினைவுக்குறி, என்றைக்கும் என்னைக் கன்னி என்றே அழைப்பார்கள், கல்யாணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் எனக்குக் கொடுத்த பெயர் இதுதான். 'க்லேயோஸ்' என்றால் புகழ், பிறர் வாயால் கேட்கப்படும் பெயர். 'ஃப்ராசி' என்பது எடுத்துச் சொல்வதைக் குறிக்கும். புகழை எடுத்துச் சொல்பவள் என்று ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் வைத்த அப்பா அம்மாவை நினைத்துக்கொண்டேன். இறந்த பிறகும் அந்தப் பெயரை எல்லாரும் வாய்விட்டுப் படிக்கட்டும் என்று கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கல்லை வாய்விட்டுத்தான் படிப்பார்கள்.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்த நூற்றாண்டு ஏதென்ஸில் நல்ல குடும்பத்துப் பெண்ணின் பெயரைப் பொது இடத்தில் சொல்ல மாட்டார்கள். நீதிமன்றத்தில்கூட இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றுதான் பேச்சு. ஆண்கள் வாயில் தன்னைப் பற்றிய பேச்சே அடிபடாமல் இருப்பதுதான் பெண்ணுக்குப் பெருமை என்று ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ் பேசியதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதி வைத்திருக்கிறார். உயிரோடு இருக்கும் வரை சொல்லாத பெயரைச் செத்த பிறகு கல்லில் வெட்டினார்கள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்து கெராமைகோஸ் பழைய இடுகாட்டுக்குப் போனேன். அங்குள்ள சின்ன அருங்காட்சியகத்தில் அம்ஃபரெதே என்ற பாட்டியின் கல் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் துணி சுற்றிய கைக்குழந்தை, விரல்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பறவை. என் மகளின் அருமைக் குழந்தையை ஏந்தியிருக்கிறேன், இருவரும் உயிரோடு சூரிய ஒளியைக் கண்ட நாளில் என் மடியில் வைத்திருந்த குழந்தை, இப்போது இறந்த குழந்தையை இறந்த நானே ஏந்துகிறேன், என்று எழுதியிருக்கிறது. அவள் பெயரில் உள்ள 'அரெதே' நற்குணத்தைச் சொல்கிறது. குழந்தையின் பெயர் கல்லில் இல்லை. அதன் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காவலர் வந்து ஒன்றும் பேசாமல் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனார். பெரிய மனசு அவருக்கு.

ஆகஸ்ட் 13, ரஃபீனா

வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். மாதா பண்டிகைக்குத் தீனோஸ் தீவு போவதாகத் திட்டம். ரஃபீனா துறைமுகத்தில் போய் நின்றால் கப்பல் ரத்து. இங்கே ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று அடிக்கும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், மழைக் குறியே இருக்காது, கடல் மட்டும் கொதிக்கும். காற்று அளவு மீறினால் துறைமுகத்துக்காரர்கள் கப்பலை விட மாட்டார்கள். 'அபகொரெஃப்திகோ' என்ற சொல் வரிசை முழுக்க வாய்க்கு வாய் போய்க்கொண்டிருந்தது. தடை என்று அர்த்தம். டிக்கெட் விற்றவர்கள் குறுஞ்செய்திகூட அனுப்பவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் இணையதளத்தில் பார் என்று கையை விரித்தார்கள். பெட்டியும் படுக்கையுமாக நூற்றுக்கணக்கான யாத்திரிகர்கள். குழந்தைகளுக்கு மட்டும்தான் கொண்டாட்டம்.

மதியம் மீன் கடைகளில் ஒன்றில் ஒதுங்கினோம். ஆகஸ்ட் 1 முதல் 14 வரை மாதாவுக்கு விரதம். இறைச்சி, பால், முட்டை கிடையாது, 6-ஆம் தேதி தவிர மீனும் கிடையாது. ரத்தமில்லாத கடல் உயிர் என்று கருதுவதால் ஆக்டோபஸுக்குத் தடையில்லை. கரியில் வாட்டிய ஆக்டோபஸ், தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, எண்ணெயும் எலுமிச்சையும் விட்ட கீரை. இரண்டு பேருக்கு 31 யூரோ. மொச்சையை இன்னொரு தட்டு கேட்டு வாங்கினோம்.

பக்கத்து மேசையில் கறுப்பு உடுத்திய பாட்டி ஒருவர், எங்களைப் போலவே கப்பல் விட்டவர். வீட்டுக்காரர் கப்பலில் கற்ற கிரேக்கத்தில் பேச்சுக் கொடுத்தார். அவர் பெயர் அனதோலி. கிழக்கு, சூரியன் உதிக்கும் திசை. பழைய ரஃபீனாக்காரர்கள் பலர் இன்றைய துருக்கியில், மர்மரா கடலோரத்து திரிலியாவிலிருந்து 1922-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களின் வம்சம். இவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டியும் அங்கிருந்து வந்தவர்தான். அவர் பெயரும் அனதோலி. விட்டுவந்த அனதோலியா மண்ணுக்கும் அதே பெயர். வீடு போனது, ஆலிவ் தோப்பு போனது, பெயரை மட்டும் யாரும் பிடுங்க முடியவில்லை என்று பாட்டி சொன்னபோது வீட்டுக்காரர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். பேத்தி ஜெர்மனியில் படிக்கிறாளாம். அவளும் அனதோலிதான்.

ஆகஸ்ட் 14, தீனோஸ்

காலையில் தடை நீங்கியது. ஆண்ட்ரோஸ் தீவைத் தொட்டுத் தீனோஸ். கப்பல் ஆடிய ஆட்டத்தில் பாதிப் பேர் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நேற்றைய இரவு தவறிப்போனதால் பதிவு செய்த அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அலைந்து திரிந்து கிடைத்த அறைக்கு ஓரிரவு 170 யூரோ. சன்னல் சுவரைப் பார்த்துத் திறக்கிறது. அறையே கிடைக்காத குடும்பங்கள் கோயில் முற்றத்தில் பாய் விரித்திருந்தன. வெளியே தூங்குகிறவர்கள் மேல் யாரும் எரிந்து விழவில்லை. சுற்றித்தான் நடந்தார்கள்.

துறைமுகத்திலிருந்து கோயில்வரை நேர் ஏற்றமாக ஒரு சாலை. ஓரமாக நீளத்துக்கு விரிப்பு போட்டிருக்கிறார்கள், முழங்காலில் ஏறுகிறவர்களுக்காக. இருபது வயதுப் பெண் ஒருத்தி முழங்காலில் துணி கட்டிக்கொண்டு ஏறினாள். அவள் அம்மா பக்கத்தில் குடை பிடித்தபடி நடந்தார். மணற்பாதையில் வேளாங்கண்ணியில் பார்த்ததுதான். கடைகளில் ஆள் உயர மெழுகுவர்த்திகள், கண், கால், குழந்தை வடிவில் தகட்டுக் காணிக்கைகள்.

1823 ஜனவரி 30 அன்று இங்கே மண்ணுக்குள்ளிருந்து மாதா படம் ஒன்று கிடைத்தது. தோண்டச் சொன்னவர் பெலகியா என்ற துறவி. கனவில் மாதா வந்து இடம் காட்டினாராம். பெலகியா என்றால் கடலைச் சேர்ந்தவள். துறவுக்கு முன் அவர் பெயர் லூக்கியா, ஒளி. படத்தில் உள்ளது கபிரியேல் தூதர் மரியாவுக்கு நற்செய்தி சொல்லும் காட்சி, அதனால்தான் கோயிலுக்கு எவாங்கெலிஸ்திரியா என்று பெயர். கோயிலுக்குள் வெள்ளியில் செய்த ஓர் ஆரஞ்சு மரம் தொங்குகிறது. பார்வை திரும்பினால் முதலில் எதைப் பார்க்கிறேனோ அதைக் காணிக்கையாகத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டவர் கொடுத்தது என்கிறார்கள்.

ஆகஸ்ட் 15, தீனோஸ்

இன்றைக்கு நாடெங்கும் மரியாக்களின் நாள். மரியா மட்டுமில்லை. மாதாவுக்கு எத்தனை பட்டமோ அத்தனை பெண்களுக்கும் இன்றுதான். 'பனயியா' என்றால் முழுப் புனிதம், அதிலிருந்து பனயோத்தா, சுருக்கினால் யோத்தா. தெஸ்பினா என்றால் எசமானி, தலைவி. எங்கள் தூத்துக்குடியில் ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா. அந்தப் பெயரை வைத்தே பெண்களுக்கு ஸ்னோலின் என்றும் பனிமேரி என்றும் பெயரிடுவார்கள். இங்கே நடப்பது எனக்குச் சட்டென்று பிடிபட்டதற்கு அதுதான் காரணம். மரியா என்ற பெயரின் மூலம் ஹீப்ருவின் மிரியம். அதன் பொருளைப் பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. அந்தப் பெயர் உள்ள லட்சக்கணக்கான பெண்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

காலை ஏழு மணிக்கு ரொட்டிக் கடையில் இரண்டு பாலாடைக்கட்டிப் பை வாங்கி ஐந்து யூரோ நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் வாங்கவில்லை. நெஞ்சைத் தொட்டு "மரியா" என்றாள். பெயர்நாள் உள்ளவர்தான் மற்றவர்களுக்கு வாங்கித் தர வேண்டும். கெரஸ்மா என்கிறார்கள். "ஹ்ரோனியா பொலா" என்றேன், பல்லாண்டு. எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் சேர்ந்து அதையே சொன்னது. அவள் முகம் சிவந்துவிட்டது. அந்தப் பை இருபது வகை பலகாரம் இருந்த விருந்தைவிட ருசித்தது.

பத்தரைக்கு மேல் படத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கடற்படை வாத்தியம் முன்னே. சாலையில் வரிசையாக ஆட்கள் குப்புறக் கிடந்தார்கள், நோயாளிகள், கைக்குழந்தையோடு தாய்மார்கள். படம் அவர்கள்மேல் கடந்து போனது. துறைமுகத்தில் கடலில் மலர்வளையம் விட்டார்கள். 1940-இல் இதே நாளில், விழாவுக்காக இங்கே நங்கூரமிட்டிருந்த எல்லி என்ற கிரேக்கப் போர்க்கப்பலை இத்தாலிய நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்தது. வீட்டுக்காரர் கப்பல்காரர் அல்லவா, தொப்பியைக் கழற்றிக்கொண்டு அசையாமல் நின்றார்.

விரதம் முடிந்த மதியம். எல்லா அடுப்பிலும் உருளைக்கிழங்கோடு ஆட்டுக்கறி. சந்து ஒன்றில் மாடத்திலிருந்து ஒரு பெண், "தெஸ்பினா! தெஸ்பினா!" என்று கத்தினார். கீழே விளையாடிக்கொண்டிருந்த ஏழு வயதுப் பெண் திரும்பினாள். வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டியும் திரும்பினார். கத்தியவர் மருமகள். மாமியார் பெயர்தான் பிள்ளைக்கு. மூன்று பேரும் சிரித்தார்கள், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

என் பெயர் எங்கள் ஆச்சியின் பெயர். அப்பாவைப் பெற்ற ஆச்சி. வாய் நிறைய மீனாட்சி என்று வைத்தார்கள். மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் எங்கம்மா என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. பள்ளிக்கூடத்தில் கேட்டால்கூட "பாப்பாதான்" என்பார். ஆச்சி இறந்து இத்தனை வருஷம் கழிந்தும் பாப்பாதான். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் இப்படித்தான். மரியாதை என்றுதான் எல்லாரும் நினைத்தோம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் இந்தச் சந்தில் ஒரு மருமகள் மாமியார் பெயரை நாலு வீடு கேட்கக் கத்தியதிலும் மரியாதை குறையவில்லையே. சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டு, "அம்மா, ஒரே ஒரு தடவை எம் பேரச் சொல்லும்மா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வெளியூருக்குப் போய் ஒனக்கு என்னளா ஆச்சு? சாப்பிட்டியா பாப்பா?" என்றார்.

ஆகஸ்ட் 16, பிர்கோஸ்

பளிங்குச் சிற்பிகளின் கிராமம். பஸ் ஏறி மலைவளைவு எல்லாம் சுற்றி வந்தோம். வழியில் புறாக்கூண்டு வீடுகள், கல்லில் பூவேலை. வாசல் நிலை, தெருக் குழாய்த் தொட்டி எல்லாம் பளிங்கு. சதுக்கத்தில் பெரிய மரத்தடியில் பால் பாகுப் பலகாரமும் கிரேக்கக் காப்பியும், ஏழரை யூரோ.

கடைக்கார அம்மாவின் பெயர் ஸ்தமாத்தியா. 'ஸ்தமாதோ' என்றால் நிறுத்து. வீட்டில் பெண்ணாகவே பிறந்தால் இத்தோடு நிற்கட்டும் என்று வைப்பார்கள். பிறந்து பிறந்து குழந்தைகள் இறந்தால் சாவு நிற்கட்டும் என்றும் வைப்பார்கள். எங்கள் ஊரில் போதும்பொண்ணு என்று வைப்பது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னதும் அவர் மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். தன் பெயர் இரண்டாவது காரணத்துக்காக வைத்தது என்றார். தனக்கு முன் இரண்டு குழந்தைகள் போய், தான் தங்கினாராம். பெயர் தன் வேலையைச் செய்தது என்று அவர் முழு மனதோடு நம்புகிறார். போதும்பொண்ணுகளுக்கும் அப்படியொரு நல்ல காரணம் இருந்திருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வேண்டாம் என்று ஒரு குழந்தையின் நெற்றியில் எழுதுவது எந்த மொழியிலும் கொடுமைதான்.

ஆகஸ்ட் 17, தீனோஸ்

இன்று ஒரு ஞானஸ்நானம் பார்த்தோம். கோயிலுக்கு அடியில், படம் கிடைத்த இடத்திலேயே சின்னக் கோயில் இருக்கிறது. நேர்ந்துகொண்டவர்கள் நாடெங்கிலுமிருந்து குழந்தைகளை அங்கே கொண்டுவருகிறார்கள். வாசலில் நின்று எட்டிப்பார்த்தோம், உள்ளே வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள்.

பத்து மாதப் பெண் குழந்தை. இதுவரை அவளுக்குப் பேர் சொல்லிக் கூப்பிட ஒன்றும் இல்லை, 'பெபா' என்றே அழைத்திருக்கிறார்கள், பாப்பா. முதல் பெண்ணுக்கு யார் பெயர் என்பதில் இடத்துக்கு இடம் வழக்கம் வேறு. பல ஊர்களில் அப்பாவின் அம்மா பெயர். ஏஜியன் தீவுகள் சிலவற்றில் அம்மாவின் அம்மா பெயர். கார்பதோஸ் தீவில் தாய்வழிப் பாட்டி பெயரோடு தாய்வழிச் சொத்தும் மூத்த மகளுக்குத்தான் போவது பழைய வழக்கம். இந்தக் குடும்பத்தில் மாதாவுக்கு நேர்ந்த குழந்தை, அதனால் மாதா பெயர்தான் முதலில். அப்பாவின் அம்மா சுவரோரமாக நின்றார். பெயர் கலியோப்பி, அழகிய குரல் உடையவள், பழைய கலைத் தேவதைகளில் ஒருத்தி. தன் பெயர் விட்டுப்போகிறது என்று அவருக்குத் தெரியும். கைப்பையின் வாரைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

குருவானவர் கையை முழங்கைவரை மடித்துவிட்டார். செம்புத் தொட்டியில் வெந்நீர். நொனா என்கிற ஞானத்தாய் குழந்தைக்கு உடம்பெல்லாம் ஆலிவ் எண்ணெய் பூசினார், வழுக்கி விடுமோ என்று எனக்குப் பதறியது. பெயர் என்ன என்று குருவானவர் கேட்டார். அதை உரக்கச் சொல்ல வேண்டியது நொனாதான். "மரியா" என்றார். ஒரு மூச்சு விட்டு, "கலியோப்பி" என்றார். சுவரோரம் நின்ற பாட்டி பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்று தடவை முக்கி எடுத்தார்கள், மூன்று தடவையும் இரண்டு பெயரையும் சொன்னார்கள். குழந்தை கூரை அதிரக் கத்தினாள். குரல் பொருத்தமாகத்தான் இருந்தது.

உச்சியில் சிலுவைபோல் முடி கத்தரித்தார்கள், வெள்ளைப் பட்டு உடுத்தினார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் ரோஸ் நிற ரிப்பன் கட்டிய சின்னச் சிலுவையைச் சட்டையில் குத்திவிட்டார்கள். அதற்கு 'மர்த்திரிகா'. பெயர் வைத்ததற்குச் சாட்சி என்று அடையாளம். என் சுடிதாரிலும் குத்திவிட்டவர் அந்தப் பாட்டிதான். கையில் ஒரு துணிமுடிச்சும் திணித்தார், உள்ளே சர்க்கரை பூசிய பாதாம் ஐந்து. எப்போதும் ஒற்றைப்படையில்தான் வைப்பார்களாம்.

ஆகஸ்ட் 19, ஏதென்ஸ்

வீட்டுக்காரர் தளத்துக்குத் திரும்பிவிட்டார், நாளைக்கு எனக்கு விமானம். காலையில் முதல் இடுகாடு என்ற பழைய கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். சோஃபியா அஃபெந்தாகி என்ற இளம்பெண்ணின் கல்லறைக்காக, பிர்கோஸில் பிறந்த யன்னுலிஸ் ஹலெபாஸ் வடித்த 'தூங்கும் பெண்' பத்தொன்பதாம் நூற்றாண்டு கிரேக்கச் சிற்பத்தில் பெரும்பேர் பெற்றது. சோஃபியா என்றால் ஞானம். அந்தப் பெயருக்கு ஒரு கூட்டமே உண்டு. புனித சோஃபியாவுக்கு மூன்று மகள்கள், பிஸ்தி, எல்பிதா, அகாபி: விசுவாசம், நம்பிக்கை, அன்பு. நாலு பேருக்கும் செப்டம்பர் 17.

வூலாம்மா வழியனுப்ப மறுபடி செர்ரி வைத்தார், இந்தத் தடவை இரண்டு கரண்டி. மாதா நாளில் என் பெயருக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்றினாராம். "மீனாக்ஷி" என்று அவர் நாக்கில் நன்றாகவே வருகிறது.

போகிறவர்களுக்குச் சில தேதிகள் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 1 வசிலிகி, அரசி. ஏப்ரல் 23 யோர்கியா, உழவுத் தொழில் செய்பவள். அது தவக்காலத்தில் விழுந்தால் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகும். மே 5 இரீனி, அமைதி. மே 21 எலேனி, தீப்பந்தம் என்றும் ஒளி என்றும் சொல்வார்கள். அக்டோபர் 26 திமித்ரா, தானியத் தாயான பழைய தெய்வத்தின் பெயர். நவம்பர் 25 கத்தெரினா, தூய்மை. மார்ச் 25 எவாங்கெலியா, அதுவே நாட்டின் விடுதலைத் திருநாளும்கூட, ஊரே வறுத்த கருவாட்டுக் காட் மீனும் பூண்டுத் துவையலும் சாப்பிடும். நெஃபெலி, மேகம், மாதிரி புனிதர் இல்லாத பெயருள்ள பெண்களுக்கும் வழி உண்டு. பெந்தெகொஸ்தேக்கு அடுத்த ஞாயிறு எல்லாப் புனிதர் திருநாள், அன்றைக்கு அவர்கள் கொண்டாடுவார்கள். இந்த நாட்களில் தங்கும் வீட்டிலோ கடையிலோ அந்தப் பெயருள்ளவர் இருந்தால் "ஹ்ரோனியா பொலா" என்று சொல்லுங்கள். காசு நீட்டாதீர்கள், கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15-க்குத் தீனோஸ் போகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே தீவுக்குப் போய்விடுங்கள், காற்று யார் பேச்சையும் கேட்காது.